பெடல் கால்

ஆம்பூர், வேலூர் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி "உடம்பெல்லாம் சுடுது" என்று சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? "எல்லாருக்குந்தான் சுடுது, இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வெயிலுக்குப் பேர்போன ஊரில் பெண்ணாகப் பிறந்ததற்கு இதுவும் ஒரு தண்டனை என்று எழிலரசி கறுவிக்கொள்வாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஊருக்கு வெளியே ஹைவேயை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில், தையல் பிரிவின் மூன்றாவது லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது நின்றபோது சனியன் விட்டது என்றுதான் நினைத்தாள். வேறொன்று பிடித்துக்கொண்டது. மார்கழிக் காலையில் லைன் முழுக்க ஸ்வெட்டரும் ஸ்கார்ஃபுமாக உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு மட்டும் மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, தலைமுடியின் வேர் வரை ஏறும். ஜாக்கெட் நனைந்துவிடும். துடைத்து முடிப்பதற்குள் குளிர் எடுக்கும். ராத்திரிகளிலும் இதே கூத்து. புடவைத் தலைப்பை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு விடியும்வரை கிடப்பாள். பக்கத்தில் கணவன் மதியழகன் லோடு ஆட்டோ ஓட்டிய களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். அந்தக் குறட்டையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அணைக்கட்டுப் பக்கம் மானாவாரியில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த குடும்பம் அவளுடையது. அப்பா ஒருநாள் கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அதன் பிறகு கல்யாணம், ஆம்பூர், கம்பெனி வேன் என்று வாழ்க்கை ஓடிப்போனது. ஷூவின் மேல்பாகத்துக்குக் கம்பெனியில் அப்பர் என்று பெயர். தைத்து வரும் அப்பரில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். பிறகு பசை தடவினாள். பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஒருத்தியை வாணியம்பாடிக்குக் கட்டிக்கொடுத்து, ஒருத்தனை ஓசூருக்கு வேலைக்கு அனுப்பிய காலமெல்லாம் மெஷினில்தான் இருந்தாள். சூப்பர்வைசர் ஆகி ஐந்து வருஷம்தான் ஆகிறது. அந்தப் பதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் படித்த பிள்ளைகள். மெஷினிலிருந்து எழுந்து வந்தவள் அந்த ஹாலில் அவள் ஒருத்திதான். லைனின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அவள் நடந்து போகும்போது ஒரு மிதப்பு இருக்கும். இருக்கத்தானே செய்யும்?

அந்த லைனுக்குத்தான் ஆபத்து வந்தது. தூக்கமில்லாத மண்டையோடு ஒரு காலையில், கறுப்பு நூலில் தைக்கவேண்டிய அப்பர்களுக்குக் கருநீல நூலைக் கொடுத்துவிட்டாள். ஒரு கட்டு முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் தௌசீப் அகமது அவளைவிடப் பத்து வயது சின்னவர். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"இன்னாக்கா ஆச்சு உங்களுக்கு? முன்னெல்லாம் இப்டி இல்லயே நீங்க" என்றார். "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா நான் உங்கள செக்கிங் மேஜைக்குத்தான் மாத்தணும். மேல கேக்குறாங்க, நான் இன்னா சொல்றது?"

செக்கிங் மேஜை என்றால் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து அப்பரில் கறை இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பது. வேலையை விட்டு அனுப்ப மனசு வராத ஆட்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். எழிலரசி தலையாட்டிவிட்டு லைனுக்குத் திரும்பினாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஆம்பிளையிடம் போய் எனக்கு மாதவிடாய் நின்றுபோய்விட்டது, அதனால் தூக்கமில்லை, அதனால் நூல் மாறிவிட்டது என்று சொல்ல முடியுமா?

ஆம்பூரில் ஒரு பெண் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். வெளியே நாற்காலி கிடைக்காத அளவு கூட்டம். டாக்டர் நல்ல மாதிரிதான். ஆனால் பேனாவைக் கீழே வைக்க நேரமில்லாதவர். ஹார்மோன் குறைந்துபோனதால் வருகிற சூடு இது, அதே ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் அடங்கும் என்றார். எழிலரசிக்கு அப்பா ஞாபகம் வந்தது.

"ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆவாதே டாக்டர்? எங்கப்பா நெஞ்சுவலியிலதான் போனாரு."

"உங்களுக்குப் பிரஷர் இல்ல, சுகர் இல்ல. நின்னு ரெண்டு வருஷந்தான் ஆவுது. இந்த வயசுல ஆரம்பிச்சா ஹார்ட்டுக்குப் பயப்பட வேண்டியதில்ல. அறுபது தாண்டி ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான் யோசிக்கணும்" என்றார் டாக்டர். மார்பில் கட்டி உண்டா என்று கேட்டார். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டார். பிறகு, "எப்பவாவது கால் வீங்கியிருக்கா?" என்றார்.

எழிலரசி சிரித்துவிட்டாள். "ஷூ கம்பெனில வேல செஞ்சிட்டு கால் வீங்காதவ யாரு டாக்டர்?"

டாக்டரும் சிரித்தார். அடுத்த பேஷண்ட் உள்ளே வந்தாயிற்று. மாத்திரைச் சீட்டு கைக்கு வந்தது.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஹார்மோன் மாத்திரைம்மா இது. எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்து வெச்சுக்கோங்க" என்றார். மூன்றாவது லைனில் இருபது வருஷமாக மெஷின் ஓட்டும் அவளுடைய சிநேகிதி அமிர்தவள்ளி, "வேணாம்டி எழிலு, நெஞ்ச அடைச்சிடும்" என்று பயமுறுத்தினாள். மதியழகன் அன்று முதல் அவளுடைய இதயத்துக்குக் காவல்காரன் ஆகிவிட்டான். ஈசிஜி எடுக்க வைத்தான். எண்ணெயைக் குறைத்தான். ஆம்பூரில் குடியிருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கிடையாது என்று சட்டம் போட்டான். இரண்டு வருஷம் அவள் தூங்காமல் கிடந்தபோது ஒரு நாள் எழுந்து விசிறிவிடாத மனுஷன், இப்போது காலையில் எழுந்ததும் "நெஞ்சு எப்டி இருக்குது?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஆனால் மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரத்தில் சூடு குறைந்தது. பிறகு ஒருநாள் காலையில் அலாரம் அடித்துத்தான் விழித்தாள். எழுந்து உட்கார்ந்து, உலர்ந்த தலையணையைத் தடவிப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். நான்கு மாதம் நன்றாகப் போயிற்று. தௌசீப் அகமது மேஜைப் பேச்சையே எடுக்கவில்லை. லைன் அவளுடையது.

பெடல் கால் என்று ஒன்று உண்டு. டாக்டர்களுக்குத் தெரியாத, கம்பெனிப் பெண்கள் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற பெயர். நாள் முழுக்க மெஷின் பெடலை மிதித்து மிதித்து வலது கால் கெண்டைச்சதை கல்லாகிக் கணுக்கால் வீங்கிவிடும். அதற்கு மருந்தும் அவர்களேதான். சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் அட்டையை விரித்துப் படுத்து, ஒருத்தி மடியில் இன்னொருத்தி காலைப் போட்டுக்கொள்வாள். தைலம் தேய்த்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அழுத்தி உருவிவிடுவார்கள். இன்று எனக்கு நீ, நாளை உனக்கு நான். சண்டைக்காரிகள்கூட இந்த ஒரு விஷயத்தில் கணக்குப் பார்ப்பதில்லை. அமிர்தவள்ளியின் கைக்கு அந்த ஹாலில் நல்ல பெயர்.

கார்த்திகை மாதம் ஒரு பெரிய ஷிப்மெண்ட். இரண்டு ஆபரேட்டர்கள் காய்ச்சலில் வரவில்லை. எழிலரசி தானே மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். பாத்ரூமுக்கு எழுந்தால் டார்கெட் போய்விடும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இது அவள் ஒருத்தியின் பழக்கமில்லை. அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். வார முடிவில் கெண்டைச்சதை இழுத்துப் பிடித்தது. கால் தடித்து, தொட்டால் சுட்டது.

"பெடல் கால்தான். எத்தினி வருசம் கழிச்சு உக்காந்திருக்கே, சும்மா வுடுமா?" என்று அமிர்தவள்ளி அந்தக் காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எழிலரசி வலியில் அட்டையைப் பிறாண்டினாள். "பொறுத்துக்கோ, கட்டு உடையட்டும்" என்று இன்னும் அழுத்தி உருவினாள் அமிர்தவள்ளி. அன்றைக்கும் உருவினாள், மறுநாளும் உருவினாள். அன்பாகத்தான் செய்தாள்.

அதற்கு அடுத்த நாள் கட்டிங் பிரிவுக்குப் படியேறியபோது எழிலரசிக்கு மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. விலாவில் ஊசி குத்துகிற மாதிரி வலி. படியிலேயே உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். "நான் அப்பவே சொன்னேன், ஹார்ட்டு, ஹார்ட்டு" என்று அமிர்தவள்ளி அலறினாள். தௌசீப் அகமது கம்பெனி வண்டியில் அவளை ஏற்றிப் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். மதியழகன் ஆட்டோவை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

அங்கிருந்த டாக்டர் ஈசிஜி எடுத்தார். "சுகர், பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். இல்லை என்றாள். உண்மைதானே. வேறு மாத்திரை ஒன்று உண்டு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மேனேஜர் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நாக்கை மடக்கிக்கொண்டாள்.

"ஹார்ட் நல்லா இருக்குது. கேஸ் டிரபிள்தான்" என்று சொல்லி டாக்டர் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். மதியழகன் வழியெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தான். எண்ணெயைக் குறைத்தது வீண்போகவில்லை என்றான். அவள் மேல்மூச்சு வாங்கியபடி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பல் துலக்கக்கூட மூச்சு போதவில்லை. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், மதியழகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, முதல் வேலையாகப் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் கால் எப்பலேர்ந்து இப்டி இருக்கு?"

"அது பெடல் கால் டாக்டர். மெஷின் ஓட்டினா அப்டித்தான் வரும். உருவிவிட்டா போய்டும்."

"எந்தக் காலால பெடல் மிதிப்பீங்க?"

"வலது கால்."

டாக்டர் அவள் காலைப் பார்த்தார். எழிலரசியும் குனிந்து பார்த்தாள். வீங்கியிருந்தது இடது கால். வலது கால் எப்போதும்போல இருந்தது. இருபது வருஷம் பெடல் மிதித்தவள், இருபது வருஷம் கால் உருவிய அமிர்தவள்ளி, இரண்டு பேரில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. கால் வீங்கினால் பெடல் கால். அதற்கு மேல் யோசிக்க அங்கே யாருக்கும் பழக்கமில்லை.

ஸ்கேனில் கெண்டைச்சதையிலிருந்து தொடைவரை ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. அதில் உடைந்த துண்டு ஒன்று நுரையீரலுக்குப் போயிருந்தது. நல்லவேளை, சின்னத் துண்டு. மாத்திரை விஷயத்தை அப்போதுதான் சொன்னாள்.

"இதுக்கு முன்னாடி இந்தக் கால் வீங்கியிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தாள். இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு இதே கால் யானைக்கால்போல் ஆகி, இரண்டு மாதம் ஊன்ற முடியாமல் கிடந்தாள். பச்சை உடம்பில் ஈரம் இறங்கிவிட்டது என்று அம்மா பற்றுப் போட்டாள். அதை ஒரு நோய் என்று அவள் நினைத்ததே கிடையாது. பிள்ளை பெற்றவள் காலில் வீக்கம் வருவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதியா என்ன?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். விழுங்குகிற ஹார்மோன் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு கொஞ்சம் அதிகமாக ஊறும். பெரும்பாலான பெண்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. முன்பே ஒருமுறை ரத்தம் கட்டிய உடம்புக்கு அது ஆகாது. அதோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது, தண்ணீர் குடிக்காதது. கட்டியிருந்த காலை அழுத்தி உருவியது எல்லாவற்றையும்விட மோசம்.

"ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அந்த டாக்டர் சொன்னது அப்போ பொய்யா?"

"பொய் இல்ல. உங்க ஹார்ட்டுக்கு இப்பவும் ஒண்ணும் இல்ல."

"அந்தம்மா சொன்னது சரி. கிளினிக்ல சொன்னதும் சரி. நீங்க சொல்றதும் சரி. எல்லாரும் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அப்புறம் நான் ஏன் டாக்டர் இங்க படுத்திருக்கேன்?"

டாக்டர் போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டார். எழிலரசிக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சிரித்த தன் மேலா, சேர்ந்து சிரித்த அந்த டாக்டர் மேலா, பாசமாகத் தேய்த்த அமிர்தவள்ளி மேலா? ஒருத்தர் விடாமல் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் என்று ஒன்று கீழே இருப்பதை மறந்தே போனார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். மூச்சு சீரானது. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று அவள் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "அந்த மாத்திரைய மறுபடி எப்ப ஆரம்பிக்கலாம்?"

டாக்டர் திகைத்துப்போனார். "இனி அது உங்களுக்குக் கிடையாதும்மா. தோல்ல தடவுற ஜெல், ஒட்டுற பட்டைன்னு இருக்கு, அதுல ரத்தம் கட்டுற பயம் கம்மி. ஆனா ரெண்டு தடவ கட்டின உங்களுக்கு அதையும் தர எனக்குத் துணிச்சல் இல்ல. ஹார்மோன் இல்லாத வேற மாத்திரை தர்றேன். சூடு பாதியாவது கொறையும்."

"பாதியா?" என்றாள். அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காலுக்காக அழவில்லை, உயிருக்காகவும் அழவில்லை. தூக்கம் போயிற்றே என்று அழுதாள். மதியழகனுக்கு அது விளங்கவேயில்லை. "உயிரோட இருக்கியே எழிலு, அது போதாதா?" என்றான். பார்க்க வந்த மகளும் அதையே சொன்னாள். அமிர்தவள்ளி கையைப் பிசைந்துகொண்டு வாசலோடு நின்று, "நான் பாவி, உன்னக் கொன்னிருப்பேனே. பொழச்சியே, போதும்டி" என்றாள். போதும், போதும் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்தே சூடு தன் பழைய வேலையைத் தொடங்கிவிட்டது. புது மாத்திரைக்கு அது, டாக்டர் சொன்னபடி, பாதிதான் அடங்கியது. தை மாதம் வேலைக்குத் திரும்பியபோது லைனில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தௌசீப் அகமது எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார்.

"நாங்க ரொம்ப பயந்துட்டோம்க்கா. அல்லா உங்களக் காப்பாத்திட்டான். இனிமே நீங்க அலைய வேணாம். செக்கிங் மேஜைல ஜம்முன்னு உக்காந்து பாருங்க. சம்பளம் கம்மியாவாது, நான் பேசிட்டேன்."

"உக்கார வெக்காதீங்க சார்."

"அக்கா, உடம்பு முக்கியம்..."

"உடம்புக்குத்தான் சொல்றேன். நாளெல்லாம் ஒரே எடத்துல உக்காந்தா மறுபடியும் கட்டிக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நான் நிக்கணும், நடக்கணும். லைன்லதான் எனக்கு நடை."

"சரிதான்க்கா, ஆனா அந்தத் தூக்கம், மறதி எல்லாம்... பேஜாராயிடும். உயிர் பொழச்சு வந்திருக்கீங்க, அது போதாதா? இன்னும் எதுக்கு லைன், லைன்னு?"

"போதாது சார்" என்றாள் எழிலரசி.

சத்தமாகவே வந்துவிட்டது. மேனேஜர் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முன்வரிசை மெஷின்களின் ஓட்டம் நின்றது. இத்தனை நாள் எந்த வார்த்தைக்காகக் கூச்சப்பட்டுச் சாகக் கிடந்தாளோ, அதை அவள் இப்போது விழுங்கவில்லை.

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு. அதனாலதான் வேர்க்குது, அதனாலதான் தூக்கமில்ல. மாத்திரை சாப்ட்டேன், தூக்கம் வந்துது, ரத்தம் கட்டிச்சு. அந்த மாத்திரை எனக்கு இனிமே இல்ல. வேர்த்துக்கிட்டுதான் நிப்பேன். நூல் எடுத்துக் குடுக்கும்போது பக்கத்துல ஒருத்திய வெச்சு இன்னொரு தபா பாத்துக்கறேன். தப்பு வந்தா அப்ப சொல்லுங்க, நானே மேஜைக்குப் போறேன். பொழச்சதுக்குக் கூலியா என் லைனப் புடுங்காதீங்க."

தௌசீப் அகமது முகம் சிவந்து டேபிளைப் பார்த்தார். ஒரு அம்மாவும் இரண்டு அக்காவும் உள்ள வீட்டுப் பிள்ளை. அவர்கள் யாரும் அவரிடம் இந்தப் பேச்சைப் பேசியிருக்க மாட்டார்கள். "ஒரு மாசம் பாக்கலாம்க்கா" என்றார் கடைசியில்.

ஒரு மாசம். அதுவும் பாதிதான். எழிலரசி லைனுக்கு வந்தாள். நின்றுகொண்டிருந்த பெண் விலகி வழிவிட்டாள். முதல் கட்டு அப்பரைப் பிரிக்கும்போதே சூடு கிளம்பிவிட்டது. முன்பானால் குழாயடிக்கு ஓடி ஒளிவாள். இன்றைக்கு ஓடவில்லை. நெற்றியில் வழிந்ததைப் புறங்கையால் வழித்துவிட்டு, கறுப்பு நூல்கண்டைக் கையில் எடுத்து அமிர்தவள்ளியிடம் காட்டினாள். "கறுப்புதானே?" என்றாள். "கறுப்புதான்" என்றாள் அமிர்தவள்ளி, தலையை நிமிர்த்தாமல்.

ராத்திரி தூங்கியது இரண்டு மணி நேரம் இருக்கும். கண் எரிந்தது. மாலைவரை இந்த லைனை ஓட்டியாக வேண்டும், நாளையும் ஓட்டியாக வேண்டும். உயிரைக் குடிக்கப் பார்த்த அந்த மாத்திரையை யாராவது இப்போது உள்ளங்கையில் வைத்து நீட்டினால் வாங்கி விழுங்கிவிடுவோமோ என்று அவளுக்குத் தன் மேலேயே பயமாக இருந்தது.